பச்சை விளக்குக்குத் தெரிந்தது எவ்வளவு?

ஒரு சிறிய கிளினிக். கரண்ட் போனால் மூன்று மணி நேரம் தாராளமாகத் தாங்கிய இன்வெர்ட்டர், இப்போதெல்லாம் ஒரு மணி நேரம் ஆவதற்குள் கூவத் தொடங்கிவிடுகிறது. மின்சாரம் திரும்பியதும், சார்ஜ் முடிந்துவிட்டது என்று சொல்லும் பச்சை விளக்கு மட்டும் முன்பைவிடச் சீக்கிரமாகவே எரிகிறது. பெட்டிக்குக் கீழே நான்கு டியூபுலர் பேட்டரிகள், ஒவ்வொன்றும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி. இரண்டிரண்டாகத் தொடர் இணைப்பில் கோத்து 24 வோல்ட் வரிசைகளாக்கி, அந்த இரண்டு வரிசைகளையும் பக்க இணைப்பில் ஒரே சார்ஜருக்குக் கொடுத்திருக்கிறார்கள். பேட்டரிக் கடைகளில் இந்த மொத்த அமைப்பைத்தான் 'பேங்க்' என்பார்கள். இப்படிப்பட்ட இடத்துக்கு வரும் மெக்கானிக் சார்ஜரின் வெளியீட்டை அளந்து பார்த்து அது சரியாக இருக்கிறது என்கிறார். பிறகு நான்கு பேட்டரியையும் மாற்றிவிடலாம் என்கிறார். முதல் கூற்று பெரும்பாலும் உண்மை. இரண்டாவது பல நேரங்களில் வீண்செலவு. சார்ஜர் சரியாக இருந்தும், பேட்டரிகளில் பெரும்பாலானவை நன்றாக இருந்தும், அமைப்பு மொத்தமாகத் தோற்றுப்போவது எப்படி? சார்ஜருக்கு என்னென்ன தெரியும், என்னென்ன தெரியாது என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

சார்ஜரிலிருந்து இரண்டு தடித்த கம்பிகள் வெளியே வருகின்றன. உலகத்தோடு அதற்குள்ள தொடர்பு அவ்வளவுதான். அந்த இரு முனைகளுக்கு இடையே உள்ள மின்னழுத்தத்தை அதனால் அளக்க முடியும். அவற்றின் வழியே எத்தனை ஆம்பியர் போகிறது என்பதையும் அளக்க முடியும். மற்றதெல்லாம் ஊகம். தொடக்கத்தில் தன்னால் இயன்ற முழு மின்னோட்டத்தையும் தள்ளுகிறது. 24 வோல்ட் அமைப்பில் மின்னழுத்தம் 28.8 வோல்ட் அளவுக்கு ஏறியதும், அதற்கு மேல் ஏறவிடாமல் அங்கேயே பிடித்துக்கொள்கிறது. பேட்டரி நிரம்ப நிரம்ப, அது வாங்கிக்கொள்ளும் மின்னோட்டம் தானாகக் குறையும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குறைந்ததும், 'நிரம்பிவிட்டது' என்று முடிவுகட்டி மின்னழுத்தத்தை 27.4 வோல்ட் அளவுக்கு இறக்கிப் பச்சை விளக்கைப் போடுகிறது. ஆக, பச்சை விளக்கின் பொருள் 'மின்னோட்டம் குறைந்துவிட்டது' என்பது மட்டுமே. ஒரே ஒரு பேட்டரி இருந்தால் மின்னோட்டம் குறைவதையும் பேட்டரி நிரம்புவதையும் ஒன்றாகக் கருதலாம். இரண்டு வரிசைகள் இருக்கும்போது அப்படிக் கருத முடியாது.

மொட்டைமாடியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தண்ணீர்த் தொட்டிகளை வைத்து, அடியில் ஒரு குழாயால் இணைத்திருப்பதை எண்ணிப் பாருங்கள். மோட்டாரை நிறுத்தும் மிதவை முதல் தொட்டியில் மட்டும் இருக்கிறது. இணைப்புக் குழாய் தாராளமாக இருந்தால் இரு தொட்டிகளும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். எந்தத் தொல்லையும் இல்லை. குழாய்க்குள் பாசியும் துருவும் அடைத்துக்கொண்டால் முதல் தொட்டி விறுவிறுவென்று நிரம்பும், மிதவை மோட்டாரை நிறுத்தும், இரண்டாவது தொட்டி அரைகுறையாக நிற்கும். மிதவை பொய் சொல்லவில்லை, தன் தொட்டியைப் பற்றி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைகிறது. தொட்டியில் அடைப்பு என்றால் அது குழாயில்தான் இருக்கும். பேட்டரியிலோ தடை உள்ளேயும் இருக்கலாம், வெளியேயும் இருக்கலாம். தகடு, அமிலம், உள் இணைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏற்படுத்துவது அக மின்தடை. கேபிள், அதன் முனையில் உள்ள லக், போல்ட், டெர்மினல் ஆகியவை ஏற்படுத்துவது புற மின்தடை. சார்ஜருக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு அப்படியில்லை: ஒன்றுக்குப் புது பேட்டரி வாங்க வேண்டும், மற்றொன்றுக்கு ஒரு ஸ்பேனரும் எமரித் தாளும் போதும்.

எவ்வளவு சிறிய தடை இந்த வேலையைச் செய்துவிடும் என்பதைப் பார்த்தால் வியப்பாக இருக்கும். ஒவ்வொரு வரிசையின் அக மின்தடையும் கேபிளும் சேர்ந்து 16 மில்லிஓம் என்று வைத்துக்கொள்வோம். ஓம் என்ற அளவில் நூறில் இரண்டு பங்குகூட இல்லை. இரண்டாவது வரிசையின் ஒரு டெர்மினலில் மட்டும் வெள்ளையும் பச்சையுமாக உப்புப் பூத்து, அங்கே கூடுதலாக 20 மில்லிஓம் சேர்ந்துவிட்டது. மற்றபடி இரு வரிசைகளும் ஒரே நிலையில் இருக்க, சார்ஜர் 20 ஆம்பியர் அனுப்பினால் முதல் வரிசைக்கு ஏறத்தாழ 14, இரண்டாவதற்கு 6 என்று பிரியும். கரண்ட் போய் 30 ஆம்பியர் சுமை வந்தால் முதல் வரிசை 21, இரண்டாவது 9. நன்றாக இருக்கும் வரிசை இரட்டிப்புக்கும் மேல் உழைத்து, இரட்டிப்புக்கும் மேல் சார்ஜ் வாங்கி, சீக்கிரமே தேய்ந்துபோகிறது. சில ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்ப்பவர், பழுதான இணைப்பு இருக்கும் வரிசையில் பேட்டரிகள் புதிதுபோல இருப்பதையும், ஒழுங்காக இணைத்த வரிசை செத்துக் கிடப்பதையும் காண நேரலாம்.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. முதல் வரிசை நிரம்பியதும் அது மின்னோட்டத்தை வாங்குவது குறையும், அப்போது மீதி இரண்டாவதற்குத்தானே போகும்? போதிய நேரம் கொடுத்தால் இரண்டும் நிரம்பிவிடாதா? நிரம்பிவிடும். நாள் முழுக்கத் தடையில்லாமல் மின்சாரம் வரும் இடத்தில் மோசமான லக் ஒன்று மாதக்கணக்கில் அடையாளமே காட்டாமல் இருக்க முடியும். ஆனால் இன்வெர்ட்டர் வாங்குவதே அப்படி மின்சாரம் வராத இடத்துக்காகத்தான். இரண்டு மணி நேரம் வந்து ஒரு மணி நேரம் போகும் ஊரில் 'போதிய நேரம்' கிடைப்பதேயில்லை. அரைகுறையாகவே நிற்கும் பேட்டரியின் தகடுகளில் காரீய சல்பேட் மெல்லப் படிகமாக இறுகி, பிறகு எளிதில் கரையாமல் போய்விடும். சல்பேஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதுதான். வெளியே இருந்த தடை இப்படி உள்ளேயும் குடியேறிவிடுகிறது. அதற்குப் பிறகு லக்கைச் சுரண்டித் துடைத்தாலும் பாதிதான் மீளும்.

இதற்கு நேர் எதிரான பழுது ஒன்று இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு மின்கலங்கள், அதாவது செல்கள். தகடுகளிலிருந்து உதிர்ந்த தூள் அடியில் வண்டலாகச் சேர்ந்தோ, தகடுகளுக்கு இடையே உள்ள தடுப்பு கிழிந்தோ, ஒரு செல்லுக்குள் நேர்த்தகடும் எதிர்த்தகடும் தொட்டுக்கொண்டால் அந்தச் செல் தன் 2 வோல்ட்டை இழந்துவிடும். 'செல் போயிடுச்சு' என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். அந்த வரிசையில் இப்போது பன்னிரண்டுக்குப் பதினொரு செல்தான். சார்ஜர் 28.8 வோல்ட்டை அந்தப் பதினொன்றின் மேல் சுமத்துகிறது. ஒவ்வொன்றுக்கும் பங்கு 2.4 என்பதிலிருந்து 2.6 ஆக உயர்ந்துவிடுகிறது. அவை கொதிக்கின்றன, நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது, மின்னோட்டம் குறைவதேயில்லை. பச்சை விளக்குக்குப் பதில் மஞ்சள் விளக்கு விடிய விடிய எரியும். அல்லது சார்ஜரில் உள்ள நேரக்கணக்கு முடிந்து, எதையும் உறுதிசெய்யாமலே பச்சைக்கு மாறும். அதோடு முடிவதில்லை. மெயின் மின்சாரம் போனதும், பக்கத்தில் இருக்கும் நல்ல வரிசை சுமைக்குக் கொடுப்பதோடு இந்தப் பழுதான வரிசைக்கும் கொடுக்கத் தொடங்குகிறது. சூடு ஏற ஏற ஈய-அமில பேட்டரி அதே மின்னழுத்தத்தில் இன்னும் அதிக மின்னோட்டத்தை இழுக்கும். கையின் பின்புறத்தால் நான்கு பேட்டரிகளையும் தொட்டுப் பார்த்தால், ஒன்று மட்டும் வெதுவெதுவென்று இருப்பது பல கருவிகளைவிட முன்னதாகவே செய்தி சொல்லிவிடும்.

இந்த இரண்டு பழுதும் ஒரே நேரத்தில் வருவதுதான் இருப்பதிலேயே குழப்பமானது. மோசமான லக் மின்னோட்டத்தைக் குறைக்கிறது, ஷார்ட் ஆன செல் கூட்டுகிறது. இரண்டும் சேர்ந்து சார்ஜரின் மீட்டரில் வழக்கமான எண்ணையே காட்ட முடியும். ஆகவே சார்ஜரின் முகப்பில் இயல்பான எண்கள் தெரிவதை நலத்தின் சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

தொடர் இணைப்பிலும் இதே குருட்டுத்தனம் வேறு வடிவில் இருக்கிறது. இரண்டு பேட்டரிகளின் கூட்டுத்தொகை 28.8 என்பது சார்ஜருக்குத் தெரியும். அது 14.4-ம் 14.4-மாகப் பிரிகிறதா, 15.3-ம் 13.5-மாகப் பிரிகிறதா என்பது தெரியாது. பின்னதில் ஒரு பேட்டரி நீரை இழந்து வறள்கிறது, அதன் ஜோடி ஒருநாளும் நிரம்புவதில்லை. ஒரு வரிசையில் ஒரு பேட்டரியை மட்டும் புதிதாக மாற்றினால் நடப்பது பெரும்பாலும் இதுதான். பக்க இணைப்பில் பொது அளவு தெரியும், தொடர் இணைப்பில் மொத்தம் தெரியும். இரண்டிலும் தனி ஆள் தெரிவதில்லை. சார்ஜர் நூறாண்டுக்கும் மேலாக இந்த அறியாமையோடு காலம் தள்ளியதற்கு ஈய-அமில பேட்டரியின் பெருந்தன்மையே காரணம்: முன்னதாக நிரம்பிய செல் கொஞ்சம் நீரைக் கொதிக்கவிட்டுக் காத்திருக்கும், பின்தங்கியது அதற்குள் வந்து சேர்ந்துகொள்ளும். அளவோடு இருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிச் சரிசெய்துவிடலாம். லித்தியம் செல்லுக்கு இந்தப் பொறுமை இல்லை. அதனால்தான் அதில் தொடராக உள்ள ஒவ்வொரு செல்லையும் தனித்தனியே கண்காணிக்கும் மின்னணுச் சுற்று கட்டாயமாகிவிட்டது. அங்கும்கூடப் பக்க இணைப்பில் உள்ள செல்களை அந்தச் சுற்று ஒரே செல்லாகத்தான் பார்க்கிறது என்பது வேறு கதை.

ஆக, பழுதைத் தேடுவது என்றால் சார்ஜர் ஒன்றாகப் பார்ப்பதை நாம் பிரித்துப் பார்ப்பது. எதையும் கழற்றாமலே முதல் படியைத் தொடங்கலாம். நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு வரிசையின் கேபிளைச் சுற்றியும் மாட்டிப் பார்க்க வேண்டும். (மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பலவற்றின் கவ்வி மாறுமின்னோட்டத்தை மட்டுமே அளக்கும், அவை இங்கே பூஜ்யம் காட்டி ஏமாற்றும்.) ஒரு சந்திப்பில் வந்து சேரும் மின்னோட்டமும் பிரிந்து போகும் மின்னோட்டமும் சமமாக இருந்தாக வேண்டும் என்று 1845-இல் கிர்க்காஃப் வகுத்துக் கொடுத்தார். எனவே இரு வரிசைகளின் அளவையும் கூட்டினால் சார்ஜரின் மொத்தம் வர வேண்டும். வராவிட்டால் முதலில் மீட்டரைச் சந்தேகிக்கலாம். ஒரே ஒரு அளவை வைத்து முடிவுக்கு வருவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. குறைவாக வாங்கும் வரிசை நிரம்பியதாகவும் இருக்கலாம், நோயாளியாகவும் இருக்கலாம், அதன் கம்பி மட்டும் மோசமாகவும் இருக்கலாம். அதனால் சார்ஜ் ஏறும்போது ஒருமுறை, கரண்ட்டை நிறுத்திச் சுமை ஓடும்போது ஒருமுறை என்று இரு திசைகளிலும் அளக்க வேண்டும். வாங்குவதிலும் கொடுப்பதிலும் ஒரேபோல் பின்தங்கும் வரிசையின் வழியில் தடை இருக்கிறது. நிறைய வாங்கிக்கொண்டே இருந்து, கேட்கும்போது கொஞ்சமாகக் கொடுக்கும், அல்லது ஒன்றும் கொடுக்காத வரிசையில் செல் ஷார்ட் ஆகியிருக்கிறது.

தடை இருக்கிறது என்று தெரிந்தால், அது உள்ளேயா வெளியேயா என்று பார்க்க வேண்டும். இதற்கான சோதனை எளிமையில் அழகானது. மல்டிமீட்டரை மில்லிவோல்ட் அளவில் வைத்து, சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு முள்ளைப் பேட்டரியின் காரீயக் கம்பத்தின் உச்சியில் அழுத்த வேண்டும். மறு முள்ளை அதே டெர்மினலில் மாட்டியிருக்கும் லக்கின் செம்பில். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு ஒரு விரலகலம்கூட இருக்காது. நல்ல இணைப்பில் சில மில்லிவோல்ட் மட்டுமே தெரியும். நாம் மேலே கணக்குப் போட்ட இணைப்பில் 6 ஆம்பியர் ஓடும்போது 120 மில்லிவோல்ட் தெரியும். முள்ளைக் கம்பத்தில் வைக்காமல் போல்ட்டின் தலையில் வைத்துவிட்டால் பழுதைத் தாண்டிப் போய்விடலாம், எனவே உலோகம் உலோகத்தைத் தொடும் அந்த எல்லையின் இரு பக்கமும் முள் இருக்க வேண்டும். பார்வைக்குப் பளபளப்பாக இருக்கும் லக்கின் அடிப்பக்கத்திலும், கேபிள் இழைகள் லக்குக்குள் நசுக்கப்பட்ட இடத்திலும் அரிப்பு ஒளிந்திருக்கும். கண்ணை நம்புவதைவிட மில்லிவோல்ட்டை நம்பலாம்.

இணைப்புகள் எல்லாம் தேறிவிட்டன என்றால்தான் பேட்டரியின் மேல் சந்தேகம் போக வேண்டும். அப்போது வரிசைகளைப் பிரித்தே ஆக வேண்டும். இங்கே எழும் மறுப்பு: 'மீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டு வரிசையும் ஒரே வோல்ட்தான் காட்டுகின்றன.' பக்க இணைப்பில் இருக்கும்வரை அவை ஒரே அளவைக் காட்டாமல் வேறென்ன செய்யும்! சார்ஜரை நிறுத்தி, வரிசைகளைக் கழற்றி, ஓர் இரவு சும்மா விட வேண்டும். சார்ஜ் முடிந்த கையோடு அளந்தால் தகடுகளின் மேற்பரப்பில் மட்டும் ஏறியிருக்கும் மின்னேற்றம் எண்ணைத் தூக்கிக் காட்டும். காலையில் அளக்கும்போது, நிரம்பிய டியூபுலர் பேட்டரி ஏறத்தாழ 12.5 வோல்ட்டில் நிற்கும். ஒரு செல் போன பேட்டரி, கணக்குப் போட்டதுபோல 2 வோல்ட் குறைந்து 10.4 பக்கம் இருக்கும்.

எந்தச் செல் என்பதைச் சொல்வது ஹைட்ரோமீட்டர். ரப்பர் குமிழை அழுத்தி விட்டால் கண்ணாடிக் குழாய்க்குள் அமிலம் ஏறி, உள்ளே இருக்கும் சிறு மிதவை எழும்பி நிற்கும். மிதவை குழாயின் சுவரில் ஒட்டாமல் நிற்கும்போது, திரவ மட்டம் அதன் அளவுகோலை வெட்டும் இடத்தைப் படிக்க வேண்டும். நிரம்பிய டியூபுலர் செல்லில் 1.240 பக்கம் வரும். இது தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி, ஒப்படர்த்தி. மெக்கானிக்குகள் 'கிராவிட்டி' என்பார்கள். அமிலத்தின் அடர்த்தி எப்படி மின்னேற்றத்தைச் சொல்கிறது? பிரான்சில் கஸ்தோன் பிளாந்தே 1859-இல் ஈய-அமில பேட்டரியைச் செய்தபோது, உள்ளே நடக்கும் வேதியியல் தெளிவாகவில்லை. 1882-இல் கிளாட்ஸ்டனும் டிரைபும், மின்சாரம் வெளியேறும்போது நேர்த்தகடு, எதிர்த்தகடு இரண்டிலுமே காரீய சல்பேட் உண்டாகிறது என்று விளக்கினார்கள். சல்பேட்டுக்கான கந்தகப் பங்கு அமிலத்திலிருந்துதான் வர வேண்டும். ஆகவே மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அமிலம் குறைந்து நீர்த்துப்போகிறது. மின்னழுத்தம் மறைக்கும் உண்மையை அடர்த்தி மறைப்பதில்லை. ஐந்து செல்கள் 1.230 காட்ட, ஆறாவது 1.120 காட்டினால் விசாரணை முடிந்தது. ஒரு எச்சரிக்கை: சற்றுமுன் டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றியிருந்தால் அது மேலேயே மிதக்கும், அளவு பொய்யாகிவிடும். இன்னொன்று, டியூபுலர் பேட்டரியின் மூடிகளில் தலைநீட்டும் வண்ண மிதவைக் குச்சிகள் நீர்மட்டத்தை மட்டுமே காட்டுகின்றன. பச்சை தெரிகிறதே, சார்ஜ் இருக்கிறது என்று பலர் நம்புவதற்கு எந்த அடிப்படையும் இல்லை.

ஹைட்ரோமீட்டர் நுழைய வழியில்லாத, மூடி முத்திரையிட்ட பேட்டரிகளுக்கு நேர்மையான சோதனை ஒன்றுதான் மிச்சம். ஒவ்வொரு வரிசையையும் தனியாக முழுதும் சார்ஜ் செய்து, தனியாக இன்வெர்ட்டரில் மாட்டி, அதே விசிறிகளையும் விளக்குகளையும் ஓடவிட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் மறுத்துப் பேச முடியாது.

நவீன சார்ஜர்கள் இந்தத் தொல்லைகளைத் தாண்டிவிடவில்லையா என்று கேட்கலாம். ஓரளவு தாண்டியிருக்கின்றன. எஞ்சினைக் கிளப்ப ஒரு பேட்டரி, விளக்குகளுக்கும் கருவிகளுக்கும் ஒரு பேட்டரி என்று இருக்கும் படகுகளிலும் ஆம்புலன்ஸ்களிலும், ஒன்று மற்றொன்றைக் காலிசெய்துவிடாமல் டையோடுகளை வைத்துப் பிரிக்கிறார்கள். டையோடு ஒரே திசையில்தான் மின்னோட்டத்தை விடும். அது ஒரு தொல்லையைத் தீர்த்து இன்னொன்றைக் கொண்டுவருகிறது: சாதாரண சிலிக்கான் டையோடு தன் பங்குக்கு 0.6 அல்லது 0.7 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். சார்ஜர் 14.4 கொடுத்தால் பேட்டரிக்குப் போய்ச் சேர்வது 13.7 மட்டுமே, அது ஒருநாளும் முழுமையாக நிரம்பாது. பேட்டரியின் மின்னழுத்தத்தை உணர்ந்தால் மட்டும் வேலையைத் தொடங்கும் சார்ஜர் என்றால், டையோடுக்குப் பின்னால் இருக்கும் பேட்டரி அதன் கண்ணில் படவே படாது. வெறும் கம்பியில் தொங்குவதாக நினைத்து அது சும்மா இருந்துவிடும். சார்ஜர் கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பப்படும் பெட்டிகளில் இப்படிப்பட்டவையும் இருக்கக்கூடும். இரண்டு வெளியீடு, மூன்று வெளியீடு என்று விற்கும் சார்ஜர்களிலும், உள்ளே ஒரே கட்டுப்பாட்டுச் சுற்றை வைத்து வெளியீடுகளை மட்டும் பிரித்திருப்பவை உண்டு. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் தனி அளவீடும் தனி முடிவும் இருந்தால் மட்டுமே பச்சை விளக்கு ஒரு குறிப்பிட்ட வரிசையைப் பற்றிப் பேசுவதாக எடுத்துக்கொள்ள முடியும். அப்போதும் அந்த வரிசைக்குள் தொடராக நிற்கும் செல்களின் கதை அதற்குத் தெரியாது.

கழற்றும்போது கவனிக்க வேண்டியவை சில. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். எனவே சார்ஜரையும் சுமையையும் நிறுத்தி, அறையைக் காற்றோட்டமாக விட்ட பிறகே போல்ட்டைத் தொட வேண்டும். மோதிரமும் உலோகக் கைக்கடிகாரமும் வெளியே இருக்கட்டும், கண்ணாடி கண்ணில் இருக்கட்டும். உப்பு பூத்த டெர்மினலை ஆப்ப சோடா கரைத்த நீரால் கழுவலாம், ஆனால் ஒரு துளிகூட மூடிக்குள் இறங்கக் கூடாது. திரும்ப இணைக்கும்போது இரு வரிசைகளின் கேபிள்களும் ஒரே நீளத்திலும் ஒரே தடிமனிலும் இருக்க வேண்டும். சார்ஜரின் நேர்க்கம்பியை முதல் வரிசையிலும் எதிர்க்கம்பியை இரண்டாவது வரிசையிலுமாகக் குறுக்கே எடுத்தால் இரண்டு வழிகளின் தடையும் சமமாகும். கடைசிப் போல்ட்டை மாட்டுமுன் இரு வரிசைகளின் மின்னழுத்தத்தையும் ஒருமுறை ஒப்பிட வேண்டும். சுற்றின் மொத்தத் தடை 40 மில்லிஓம் என்றால், 1 வோல்ட் வித்தியாசமே தொட்ட கணத்தில் 25 ஆம்பியரை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பாய்ச்சிவிடும். வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்குள் வரும்வரை குறைவாக உள்ளதைத் தனியே சார்ஜ் செய்துவிட்டு, பிறகு முடுக்கலாம்.